ஒரே பொட்டலத்தில் மடித்தது

போன மாதம் என் இடது கணுக்காலில் ஒரு புண் வந்து ஆறாமல் நச்சரித்தது. டாக்டர் ஒரு காப்சூல் எழுதினார். எலும்புத் தேய்மானத்துக்காக நான் சாப்பிட்டு வரும் கால்சியம் மாத்திரையும் தீர்ந்திருந்தது. அதையும் கீழே சேர்த்து எழுதினார். மருந்துக் கடைப் பெண் இரண்டு அட்டையையும் ஒரே காகித உறையில் போட்டு, உறையின் மேல் 1-0-1 என்று கிறுக்கி என்னிடம் நீட்டினாள். இரண்டையும் எப்போது போட வேண்டும் என்று கேட்டேன். “சாப்பிட்டப்புறம் சேத்துப் போட்டுக்கங்கய்யா” என்றாள். அதற்குள் அடுத்தவரின் சீட்டு அவள் கைக்குப் போய்விட்டது.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை. இதே காரியத்தை இதைவிடச் சிரத்தையாக, மூலை மடித்து, அழகாகச் செய்தவன் நான்.

எங்கள் மருந்தாளுநர் சங்கத்து இளம் பிள்ளைகள் ஆண்டு மலர் போடும்போதெல்லாம் என்னிடம் கட்டுரை கேட்பார்கள். எழுத என்ன இருக்கிறது, நின்றேன், கலக்கினேன், மடித்தேன், கால் நரம்பு புடைத்தது, வீட்டுக்கு வந்தேன் என்று தட்டிக் கழித்து வந்தேன். எனக்கு ஆயாசமாக இருந்தது என்பதுதான் உண்மை. நல்லது செய்ததை எழுதினால் தம்பட்டம் என்பார்கள். மற்றதை எழுத மனம் வரவில்லை. அந்த உறையைக் கையில் வாங்கிய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆத்தூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனக் குடும்பம் எங்களுடையது. பள்ளி இறுதி முடித்து, மதுரையில் கம்பவுண்டர் படிப்பு படித்து, ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்தேன். மலைக்கோட்டை தெரிகிற ஒரு தெருவில் பன்னிரண்டு கட்டில் போட்ட தனியார் மருத்துவமனை. டாக்டர் ஞானமுத்து அதை நடத்தினார். படிப்பில் கற்றதெல்லாம் முதல் ஆறு மாதத்தில் செலவாகிவிட்டது. பிறகு கற்றது அவரிடம்தான்.

அன்றைக்கு மருந்து என்றால் பாதிக்கு மேல் நாங்கள் கலக்குவதுதான். பெரிய சீசாவிலிருந்து அளந்து ஊற்றி, தண்ணீர் சேர்த்துக் குலுக்கி, நோயாளி கொண்டுவந்த பாட்டிலில் நிரப்ப வேண்டும். பாட்டிலின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டுவோம். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தப் பல்லைப் பார்த்துக் குடித்துவிடுவார். அந்தக் காகிதத்தை வெட்டுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

டாக்டர் அதிகம் பேசமாட்டார். மருந்து சாப்பிட்டீர்களா என்று எந்த நோயாளியிடமும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. “எப்படிச் சாப்பிட்டீங்க? காட்டுங்க” என்பார். ஒருவர் வாயில் கரைய விட வேண்டிய மாத்திரையை விழுங்கிக் காட்டுவார், இன்னொருவர் தோலில் தடவுகிற மருந்தைக் குடிக்கப் போவார். அவர் பதறமாட்டார். கையைப் பிடித்து நிறுத்தி, முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை காலையில் அந்த வாரச் சீட்டுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நான் என்ன கொடுத்தேன் என்று சொல்லச் சொல்லுவார். என்னை முத்தையா என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். ‘மிஸ்டர் முத்தையா’ என்று ஆரம்பித்தால் நான் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

பொட்டலம் மடிக்கிற பழக்கம் ஓர் ஆயக்குடிக்காரரால் வந்தது. கொய்யாத் தோப்பு வைத்திருந்தவர். காலைக்கு ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ராத்திரி மாத்திரை தூக்கத்துக்கானது. அதைக் காலையில் போட்டுக்கொண்டு, கொய்யாக் கூடைகளோடு வண்டியில் ஏறித் தூங்கிவிட்டார். மாடுகள் சந்தைக்குப் போகாமல் பழகிய வழியில் அவருடைய மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டன. மறுநாள் வந்து, “ஏனுங்க, ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளையா இருந்தா நான் என்னங்க பண்றது?” என்று கேட்டார். சிரித்தாலும் எனக்கு உறுத்தியது. அன்றிலிருந்து ஒரு வேளைக்கு உரியதையெல்லாம் ஒரே பொட்டலமாக மடிக்க ஆரம்பித்தேன். காலைப் பொட்டலம் நேர் மடிப்பு, மத்தியானத்துக்கு ஒரு மூலை மடிப்பு, ராத்திரிக்கு இரண்டு மூலை. பிரித்து வாயில் போட வேண்டியதுதான், யோசிக்க வேண்டியதில்லை.

ஊரில் இதற்கு நல்ல பெயர் கிடைத்தது. டாக்டரும் பார்த்தார். நல்ல வேலை என்றார். ஒவ்வொரு சீட்டுக்கும் அது பொருந்துமா என்று பார்த்துச் செய்யச் சொன்னார். முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது.

மடிப்பதற்கு மெல்லிய, சுத்தமான காகிதம் வேண்டும். செய்தித்தாளில் மை ஒட்டும். மருந்துப் பெட்டிகளுக்குள் இங்கிலீஷில் பொடி எழுத்தில் அச்சடித்த தாள் ஒன்று மடித்து வைத்திருப்பார்கள். வழவழவென்று மடிப்புக்கு வாகாக இருக்கும். அவற்றைச் சேர்த்து வைத்து, நான்காகக் கிழித்துப் பயன்படுத்தினேன். படித்ததில்லை. படிப்பது டாக்டர் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் காதர் பாயைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். தோல்ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், சதை சீவுகிறவர். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைச் சாய்ந்த கட்டையில் விரித்து, இரண்டு முனையிலும் பிடி வைத்த வளைந்த கத்தியால், ஒட்டியிருக்கிற சதையை வழித்து எடுக்க வேண்டும். இரண்டு கையும் திடமாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். குழிக் கரையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது முன்கை முறிந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. காயத்தில் குழித் தண்ணீரும் மயிரும் அழுக்கும். கூட வந்த மனைவி ஆமினா, முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் இரண்டு மணி நேரம் கழுவினார். எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு, புண்ணைத் தினமும் பார்க்க அந்த மாவின் மேல் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டினார். பென்சிலின் போடலாம் என்று பரிசோதனைக்கு ஒரு துளி குத்தினோம். அந்தத் துளிக்கே உடம்பெல்லாம் தடித்து மூச்சு இரைத்தது. இனி ஊசி கிடையாது என்று ஆயிற்று. அப்போது கைக்கு எட்டியது டெட்ராசைக்ளின் காப்சூல் ஒன்றுதான். சீழ் பிடிக்காமல் அது காப்பாற்ற வேண்டும், எலும்பு கூடக் கால்சியம் உதவ வேண்டும். இரண்டும் தேவைப்பட்ட கை அது.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினோம். டாக்டர் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார். காப்சூல் நாலு வேளை, வெறும் வயிற்றில். கால்சியம் மூன்று வேளை, சாப்பாட்டோடு. இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

நான் அந்தச் சீட்டைப் பார்த்து எரிச்சல்பட்டேன். ஒரு நாளைக்கு ஏழு தடவை மருந்தா? அவர்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. ஆமினாவுக்குப் படிக்கத் தெரியாது. நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எதை நினைவு வைப்பாள்? இப்படியெல்லாம் அவர்களுக்காக நானே யோசித்தேன். ஒரு காப்சூல், இரண்டு கால்சியம் மாத்திரை சேர்த்துக் காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று பொட்டலம் மடித்தேன். படுக்கப் போகும்போது போட ஒரு காப்சூல் மட்டும் தனியாக. போதாக்குறைக்கு என் சொந்த வைத்தியம் ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். காப்சூல் வயிற்றை எரிக்கும், நாலு வேளையும் பாலோடு கொடு தங்கச்சி என்றேன். எலும்புக்கும் ஆச்சு என்றேன். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் காப்சூல் இத்தனை, கால்சியம் இத்தனை என்று எண்ணிக்கையை மட்டும் ஒப்பித்தேன்.

பத்தாம் நாள் காட்ட வந்தார்கள், மாவுக்கட்டு ஜன்னலைத் திறந்தபோது வாடை அடித்தது. நான் துணியை எடுக்க எடுக்க மஞ்சளாகச் சீழ் வந்தது. ராத்திரியெல்லாம் காய்ச்சல் என்றார்கள். டாக்டர் கழுவிவிட்டு, மருந்தைத் தொடரச் சொன்னார். மூன்று நாள் கழித்து வாடை கூடியிருந்தது.

எங்கே தப்பு என்று தேடும்போது நம் கண் நம் கையைப் பார்க்காது. நான் ஆமினாவைப் பார்த்தேன். வீட்டில் கட்டு மாற்றுகிற துணியை நன்றாகக் காய்ச்சுகிறாரா என்று கேட்டேன். அடுத்த தடவையும் கேட்டேன். மூன்றாம் தடவை நான் கேட்டபோது காதர் பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் முன்னாலேயே மனைவியைத் திட்டினார். அதற்குப் பின் வந்தபோது ஆமினாவின் கைகளைப் பார்த்தேன். வெந்நீரிலும் சோப்பிலும் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. துணியை மூன்று தடவை காய்ச்சுவதாகச் சொன்னார். இன்னும் ஒரு தடவை காய்ச்சுங்கள் என்று சொன்ன பாவி நான்தான்.

மூன்றாவது வாரத்தில் டாக்டர் காதர் பாயிடம் மறைக்காமல் சொன்னார். இன்னும் நாலு நாள் பார்க்கலாம். சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மதுரைக்கு அனுப்ப வேண்டி வரும், அங்கே முழங்கைக்கு மேல் எடுத்துவிடச் சொல்லுவார்கள். காதர் பாய் இடது கையால் மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கையோடு தோல்ஷாப்பில் என்ன வேலை செய்ய முடியும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் புறப்படும்போது டாக்டர் ஆமினாவை நிறுத்தினார். நாளைக்கு மத்தியான மருந்தை இங்கே கொண்டுவந்து, என் முன்னால் கொடுங்கள் என்றார்.

மறுநாள் ஆமினா தூக்குவாளியில் பாலோடு வந்தார். ஒரு மூலை மடித்த என் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துப் பிரித்தார். காப்சூலும் இரண்டு வெள்ளை மாத்திரைகளும் உள்ளங்கையில் விழுந்தன. பாலை டம்ளரில் ஊற்றிக் கணவனிடம் நீட்டினார். டாக்டர் அந்த டம்ளரைக் கையில் வாங்கி ஜன்னல் திண்டில் வைத்தார்.

“குடிக்க வேண்டாம்மா. செத்த நேரம் இருங்க.”

பிறகு மருந்தைப் பார்க்கவில்லை, காகிதத்தை எடுத்தார். நீவிவிட்டுப் படித்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்.

“மிஸ்டர் முத்தையா, இதைப் படிங்க.”

அந்தக் காப்சூல் பெட்டிக்குள் இருந்து நான் எடுத்துக் கிழித்த தாள்தான். என் இங்கிலீஷ் கொஞ்சம் மெதுவானது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாலோடு கொடுக்கக் கூடாது, கால்சியத்தோடு கொடுக்கக் கூடாது, வயிற்றுப் புளிப்புக்குக் குடிக்கிற மருந்துகளோடும் கூடாது என்று இருந்தது. எதைச் செய்யாதே என்று அதில் போட்டிருந்ததோ, அதை அந்தத் தாளிலேயே வைத்து மடித்துக் கொடுத்திருந்தேன்.

“என் சீட்டுல என்ன எழுதியிருந்தேன்?”

“தனித்தனியா கொடுக்கணும்னு சார்.”

“ஏன் சேத்தீங்க?”

“மறந்துடுவாங்கன்னு நெனச்சேன் சார்.”

அவர் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அவங்க ஒரு வேளைகூட மறக்கலையே, மிஸ்டர் முத்தையா” என்றார்.

என் நாற்பது வருஷ வேலையில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. ஆமினா ஒரு வேளை விடாமல், ஒரு நாள் விடாமல், நான் சொன்னபடியே செய்திருக்கிறார். எங்காவது ஒரு வேளை கால்சியம் மாத்திரையை மறந்து, பாலும் கிடைக்காமல் போயிருந்தால், அந்த வேளைக் காப்சூலாவது வேலை செய்திருக்கும்.

காப்சூலும் கால்சியமும் வயிற்றில் சந்தித்தால் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது, ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். கால்சியம் கெட்டதில்லை, காப்சூலும் கெட்டதில்லை, நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், அவ்வளவுதான் என்றார். என்னைத் திட்டவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் கதவிடுக்கில் பார்த்தார். “இதை நான் சொல்லக் கூடாது. நீங்க போய்ச் சொல்லுங்க” என்றார்.

அந்தக் கதவிலிருந்து பெஞ்சுக்குப் பத்தடிகூட இருக்காது. ஓடிப்போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆத்தூருக்குப் பஸ் இருக்கிறது, போனால் கிணறும் மாடும் இருக்கின்றன. போய் நின்றேன். தப்பு என்னுடையது என்றேன். சேர்க்காதே என்று டாக்டர் எழுதியிருந்ததை நான் சேர்த்து மடித்தேன், பாலும் நானாகச் சொன்னது, இத்தனை நாளும் மருந்து உடம்பில் சேரவே இல்லை என்று சொல்லி முடித்தேன். காதர் பாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அந்த இடது கையால் ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலில் பேசியது ஆமினா.

“அப்பக் குத்தம் துணியில இல்லையா, அண்ணே?”

“இல்ல தங்கச்சி. துணியில ஒரு குத்தமும் இல்ல.”

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். காதர் பாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே பேசினார்.

“ஆனது ஆயிருச்சு. இனிமே எதை எப்பப் போடணும், அதச் சொல்லுங்க.”

ஏழு வேளைக்கும் மணிக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். கடிகாரம் இல்லையே என்று பாதியில் நிறுத்தினேன். ஆமினா காத்திருக்கவில்லை. “விடியப் பாங்கு சொன்னதும் ஒண்ணு, மத்தியானம் லுஹர் பாங்குக்கு ஒண்ணு, பொழுதுசாய மஃரிபுக்கு ஒண்ணு. சினிமாக் கொட்டகையில ரெண்டாம் ஆட்டத்துக்குப் பாட்டுப் போடுவான்ல, அப்ப ஒண்ணு. வெறும் தண்ணியில. பாங்குக்குப் பெறகு ரொம்ப நேரங்கழிச்சுத்தான் அவுகளுக்குச் சோறு வைப்பேன். சுண்ணாம்பு மாத்திரையும் பாலும் சோத்தோட. சரியாண்ணே?” என்றார்.

சரிதான் என்றேன். அதற்கு மேல் சரியாக என்னாலும் சொல்ல முடியாது. இந்தப் பெண்ணால் முடியாது என்று நினைத்துத்தான் நான் ஏழு வேளையை நாலாக்கினேன்.

டாக்டர் அந்த நாலு நாளை ஒரு வாரமாக நீட்டினார். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஜன்னலைத் திறக்கும்போது நான் மூச்சை இழுத்துப் பார்ப்பேன். எட்டாம் நாள் வாடை குறைந்தது தெரிந்தது. அன்றைக்கு மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதன் பிறகும் இரண்டு மாதம் ஆயிற்று. சின்னதாக ஓர் எலும்புத் துண்டு கழன்று வந்தது. மதுரைக்குப் போக வேண்டி வரவில்லை. கை தங்கியது. ஆனால் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. சதை சீவுகிற கத்தியை அந்தக் கை பிடிக்காது என்று தெரிந்ததும், தோலைத் தரம் பிரிக்கிற இடத்துக்கு அவரை மாற்றினார்கள். விழுந்து முறிந்ததற்கே அப்படி ஆகியிருக்கலாம் என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். அதில் என் மூன்று வாரத்துக்கு எத்தனை பங்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த ‘மிஸ்டர்’ போக மூன்று மாதம் ஆயிற்று. பொட்டலம் மடிப்பதை நான் விடவில்லை. ஆனால் சீட்டைப் படித்து, பெட்டித் தாளைப் படித்து, எது எதோடு சேராது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மடித்தேன். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே கதைதான் என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது, முன்பு அதையும் கால்சியத்தையும் சேர்த்து மடித்து நான் கொடுத்தனுப்பிய வெளிறிய முகங்கள் எத்தனையோ நினைவுக்கு வந்தன. எல்லாக் காப்சூலும் இப்படிச் சண்டைக்கு நிற்பதில்லை. எது நிற்கும் எது நிற்காது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்காமல் எதையும் நிறுத்தவும் கூடாது.

ஆமினா அதற்குப் பிறகும் எங்களிடம்தான் வந்தார். பிள்ளைகளின் காய்ச்சலுக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு, மருமகளுக்கு. வேறு இடத்துக்குப் போயிருக்கலாம், போகவில்லை. ஆனால் நான் பொட்டலத்தைக் கொடுத்ததும் மடியில் கட்டிக்கொண்டு போகமாட்டார். அங்கேயே பலகையின் மேல் பிரித்து வைப்பார். “இதுல என்னென்ன இருக்குண்ணே? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க” என்பார். குரலில் குத்தல் இருக்காது. பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். எனக்கு முகம் சுண்டும். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லுவேன். இது எதற்கு, எப்போது, எதோடு சேரக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, அவரே திரும்ப மடித்து எடுத்துப் போவார். நான் ஓய்வு பெற்ற வருஷம் வரை அப்படித்தான்.

போன மாதம் மருந்துக் கடையில் அந்த உறையை வாங்கிக்கொண்டு ஓரடி நகர்ந்தவன் திரும்பி வந்தேன். உறையைக் கவிழ்த்து, இரண்டு அட்டையையும் கண்ணாடிப் பலகையின் மேல் தனித்தனியாக வைத்தேன். பின்னால் யாரோ, சீக்கிரம் பெரியவரே என்றார்.

“இதுல என்னென்ன இருக்கும்மா? ஒண்ணொண்ணாச் சொல்லு” என்றேன்.

அந்தப் பெண் முகம் சுண்டி நிமிர்ந்து பார்த்தாள். ஆமினா பொட்டலத்தைப் பிரித்தபோதெல்லாம் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.